கன்னத்துப் புள்ளி

உரிமம் வழங்கும் அந்த அலுவலகத்தில் உள்ளங்கையளவு கேமரா ஒன்று இருந்தது. நல்ல நிலையில் இருப்பதாகச் சொத்துப் பதிவேட்டில் ஆண்டுதோறும் கையெழுத்தாகும். அது எடுக்கும் படங்களில் எல்லோருக்கும் இடக்கன்னத்தில் ஒரு கரும்புள்ளி விழும். மற்றபடி குறையில்லை.

அங்கே வந்த லாரி ஓட்டுநர் ஒருவரின் உரிமம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் சனிக்கிழமை வண்டி வேறு ஆள் கைக்குப் போய்விடும். எடுத்த படத்தைப் பார்த்தவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

“ஏம்பா, இது என் மூஞ்சில இல்லையே?”

“லென்ஸுக்குள்ள தூசு போயிருச்சுண்ணே. வெளிய எவ்வளவு துடைச்சாலும் போகல,” என்றார் படமெடுக்கும் எழுத்தர்.

“கம்ப்யூட்டர்ல அழிச்சுடேன்.”

“ஒரு நொடி வேலைதான். ஐயா விடமாட்டாரு.”

ஐயாவிடமே போனார்கள். அதிகாரி பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார்.

“கேமரா நல்ல நிலையில் இருக்கு. அப்போ அது பார்த்தது சரி. அரசுப் படத்துல கைவச்சா குற்றம்.”

“அப்போ என் மூஞ்சி, ஐயா?”

“அது எங்க பதிவேட்டுல இல்லையே.”

அடுத்த சன்னலில் சரிபார்ப்பவர் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்து, ‘பொருந்தவில்லை’ என்று முத்திரை குத்தினார்.

வெளியே ஜெராக்ஸ் கடைக்கார அம்மாள் அவரைப் பார்த்ததுமே புருவப் பென்சிலை எடுத்துவிட்டாள்.

“புள்ளிதானே? தாடையைத் தூக்குங்க. சிரிக்காதீங்க, இடம் தப்பிடும்.”

இம்முறை பொருந்தியது. சனிக்கிழமை வண்டி ஓடியது.

ஆனால் வழியில் எங்கே நிறுத்திச் சோதித்தாலும் புள்ளியைத்தான் முதலில் தேடினார்கள். வியர்வையில் பென்சில் கரைந்து இரண்டு முறை வண்டி மடக்கப்பட்டது. பொறுத்துப் பார்த்தவர், மூன்றாவது மாதம் கன்னத்தில் பச்சையே குத்திக்கொண்டார். அதற்குள் ஊரில் புள்ளி நாகரிகமாகியிருந்தது. புள்ளியில்லாத மாப்பிள்ளையைப் பார்த்து, “பையனுக்கு எந்த ஆவணமும் இல்லையோ?” என்று பெண்வீட்டார் தயங்கினார்கள்.

ஐந்து வருடம் கழித்து மீண்டும் புதுப்பிக்கப் போனார். புதுக் கேமரா வந்திருந்தது. தூசு துரும்பில்லாத படம். எழுத்தர் அதைத் திரையில் பெரிதாக்கி, கன்னத்தில் கவனமாக ஒரு புள்ளி வைத்தார்.

“என்னப்பா பண்ற? படத்தைத் திருத்தக் கூடாதுன்னாரே ஐயா?”

“நானும் கேட்டேண்ணே. அழிக்கிறதுதான் திருத்தமாம், சேர்க்கிறது சீரமைப்பாம். பழைய படத்தோட ஒத்துப்போகணுமாம். எல்லாருக்கும் வைக்கச் சொல்லி உத்தரவு.”

“எனக்குத்தான் ஏற்கெனவே இருக்கே.”

“அது உங்க சொந்தப் புள்ளி. இது அலுவலகப் புள்ளி.”

படத்தில் இப்போது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளிகள். பின்னால் நின்ற இளம்பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

“இது என்ன சார் அநியாயம்? எனக்கு ஒண்ணுகூட இல்லையே, எனக்கும் வைப்பீங்களா?”

ஓட்டுநர் எரிச்சலோடு திரும்பினார்.

“ஏம்மா, உன்னை மாதிரி ஆளுங்க கேள்வி கேட்டு நிக்கிறதாலதான் வரிசையே நகரமாட்டேங்குது. இரு, எனக்கு இடம் பிடிச்சு வை. வெளிய போய் கன்னத்துல இன்னொண்ணு வச்சுட்டு வந்துடறேன்.”