றொமேஷின் வலது கைக்காக ஒரு மன்றாட்டு

ஈஸ்ட் ஹாம்,
திங்கட்கிழமை.

அன்புள்ள தங்கச்சி இம்மாகுலேற் அறிவது,

நாங்கள் சுகம், உங்கள் சுகம் எப்படி என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். தோளெலும்பு முறிந்த பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவளிடம் அப்படிக் கேட்க வெட்கமாக இருக்கிறது. ஆகவே ஆண்டவர் உங்கள் எல்லோரையும், முக்கியமாக மருமகன் றொமேஷின் வலது தோளையும் காப்பாராக என்று மட்டும் எழுதிவிட்டு விடயத்துக்கு வருகிறேன். வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ அதை முதலில் நாலு குடும்பக் குறூப்புக்கு அனுப்பிவிட்டுத்தான் வாசிப்பாய் என்பது எனக்குத் தெரியும்.

பிள்ளைக்கு அடிபட்டு இரண்டு கிழமை ஆகியும் தாய்மாமன் எட்டிப் பார்க்கவில்லை என்று நீ கோயில் பாட்டுக்குழு றொசாந்தியிடம் சொல்லி அழுதாயாம். "அண்ணைக்கு உள்ளுக்குள்ளை சந்தோசம், அதுதான் வரேல்லை" என்றும் சொன்னாயாம். சந்தோசமில்லை, இம்மா, பயம். அந்த எலும்பை முறித்தது நான்.

கடிதத்தைக் கிழித்துப்போடாமல் வாசி. ஒக்டோபரில் செபமாலை மாதா திருநாள் சாப்பாட்டுக்கு நீ ஹரோவிலிருந்து வந்தாய் அல்லவா, அங்கேதான் எல்லாம் தொடங்கியது. றொமேஷ் பந்து எறிகிற வீடியோவை மேசை மேசையாகக் கொண்டுபோய்க் காட்டினாய். இந்த அமெரிக்கன் புட்போல் பேருக்குத்தான் புட்போல், காலுக்கு அதில் பெரிய வேலை இல்லை, ஓடுவதும் எறிவதும் ஆளை ஆள் விழுத்துவதும்தான் என்பதும், பந்தை எறிகிற குவாட்டர்பேக்தான் அணிக்கே மூளை என்பதும், அந்த மூளை உன் மகன் என்பதும் அன்றைக்குக் கோயில் பங்குச் சனம் முழுவதுக்கும் தெரிந்துபோயிற்று. என் மகன் நிக்சனும் கிழக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கு அதே விளையாட்டுத்தான் விளையாடுகிறான் என்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. விளையாடுகிறான் என்ன, மூன்று வருடமாக ஓரத்து வாங்கில் குந்தியிருந்து தண்ணீர் குடிக்கிறான். பெரிய சாம்பாரைக் கிண்டுகிறவர்போல் நான் சமையலறைக்குள் போய் நின்றேன். எரிச்சல்தான், வேறென்ன, அறுபது வயதில் அதை மறைத்து என்ன பயன்.

பிறகு நவம்பரில் ஒருநாள் நிக்சன் வந்து, வருகிற ஞாயிறு றொமேஷின் அணியோடு ஆட்டம், இந்த முறை தொடக்கத்திலிருந்தே தன்னை இறக்கப்போகிறார்கள் என்று சொன்னான். அவன் முகத்தில் அப்படியொரு சிரிப்பை முதல் நன்மை வாங்கிய நாளுக்குப் பிறகு நான் கண்டதில்லை. எனக்கோ வேறு கணக்கு ஓடியது. முதல் தடவையாக இறங்குகிற பிள்ளை, எதிரில் எறிகிறவன் றொமேஷ், தோற்றால் அடுத்த திருநாள் சாப்பாட்டுக்கு அந்த வீடியோவும் வருமே என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாளுக்குப் போய் மன்றாட்டுப் பெட்டிக்குள் ஒரு துண்டு எழுதிப் போட்டேன். எழுதியதை மறைக்காமல் சொல்கிறேன்: "புனித அந்தோனியாரே, என் மருமகன் றொமேஷின் வலது கை வருகிற ஞாயிறு வேலை செய்யாதிருப்பதாக. ஒரு ஞாயிறு மட்டும். நிரந்தரத் தீங்கு எதுவும் வேண்டாம், ஒரு சுளுக்கு போதும். நூறு பாண் ஏழைகளுக்குக் கொடுப்பேன்."

துண்டுகளை எடுத்து வாசிப்பது சற்குணம் அண்ணை என்பது உனக்குத் தெரியும். அவர் ஒன்றையும் முழுதாக வாசிக்கமாட்டார், பஸ் போய்விடும் என்ற அவசரம். "றொமேஷ் என்ற பிள்ளையின் வலது கைக்காக மன்றாடுவோம்" என்று சுருக்கி உரத்து வாசித்தார். கோயில் நிறைந்த சனம் ஒரே குரலில் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. பக்கத்தில் இருந்த அயல்வீட்டுப் பெனிற்றாவும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். அந்த இடத்திலேயே எழும்பி, அது அப்படியான மன்றாட்டு இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும்.

சனிக்கிழமை பின்னேரம் நீ அழுதுகொண்டு போன் எடுத்தாய், ரெயினிங்கில் விழுந்து றொமேஷின் தோளெலும்பு முறிந்துவிட்டது என்று. அதற்குப் பிறகு நடந்ததைக் கேள், அந்தோனியார் எனக்குத் தந்த தண்டனை எவ்வளவு விவரமானது என்று உனக்கே விளங்கும். நிக்சனை ஏன் அந்த ஆட்டத்துக்கு எடுத்தார்கள் தெரியுமா? றொமேஷுக்காகத்தான்! றொமேஷ் இடப்பக்கம் எறியப்போகிறான் என்றால் முதலில் கீழுதட்டைக் கடிப்பானாம். ஏழு வயதிலிருந்து அவனோடு பந்து எறிந்த நிக்சனுக்கு மட்டும்தான் அது தெரியும். கோச் ஆறு கிழமையாக அந்த உதட்டைச் சுற்றித்தான் முழு அணியையும் பழக்கியிருக்கிறார். றொமேஷ் இல்லை என்றதும் உதடு இல்லை, உதடு இல்லை என்றதும் நிக்சனும் இல்லை. ஞாயிறு நான் மழையில் நின்று பார்க்கிறேன், பிள்ளை பழையபடி வாங்கில். றொமேஷுக்குப் பதிலாக வந்த பெடியனுக்கு எறியத் தெரியாது. தெரியாததால் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடினான். எறிவதைத் தடுக்கப் பழகிய எங்கள் பிள்ளைகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவன் கீழால் ஓடி இருபது புள்ளி எடுத்துவிட்டான். நாங்கள் ஆறு.

அதோடும் முடியவில்லை. அந்த ஓட்டக்காரனின் வித்தையை அடுத்த கிழமைக்குள் எல்லோரும் அறிந்துவிட்டார்கள். தெற்குக் கடற்கரைப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்று, சென்ற மாதம் றொமேஷிடம் படுதோல்வி கண்ட அதே அணி, இந்த முறை உங்கள் அணியைச் சுலபமாக வென்று எங்களையும் தாண்டிக் கடைசிச் சுற்றுக்குப் போய்விட்டது. றொமேஷ் நின்றிருந்தால் அவர்கள் தோற்றிருப்பார்கள், அவர்கள் தோற்றிருந்தால் நாங்கள் போயிருப்போம். என் மருமகனின் ஒரு எலும்பை முறித்து, உன் அணியையும் கெடுத்து, என் அணியையும் கெடுத்து, முகம் தெரியாத கடற்கரைக்காரருக்கு நான் கடைசிச் சுற்றில் இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். நிக்சனுக்கு இது கடைசி வருடம். இனி அவனுக்கு வேறு ஆட்டம் இல்லை.

நேர்த்தியையும் விட ஏலாதே, கேட்டது கிடைத்துவிட்டது. நூறு பாணையும் கொண்டுபோய்க் கோயில் வாசலில் கொடுத்தேன். "என்ன உபகாரம் கிடைச்சது?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மூட்டுவலி மாறியது என்றேன். "உங்களுக்கு எப்ப மூட்டுவலி வந்தது?" என்று பெனிற்றா எல்லோருக்கும் முன்னால் கேட்டாள். இதற்கிடையில், எலும்பு முறிவதற்கு நாலு நாளைக்கு முன்பே றொமேஷின் கைக்காக மன்றாடிய புண்ணிய ஆத்துமா யாரென்று நீ பங்கு முழுக்க விசாரிக்கிறாய் என்றும், கண்டால் காலில் விழுந்து நன்றி சொல்லவேண்டும் என்றாய் என்றும் றொசாந்தி சொன்னாள். அதைக் கேட்ட இரவு நான் சாப்பிடவில்லை.

உன்னிடம் வராமலும் இல்லை. போன வியாழன் ஒரு குலை முந்திரிப்பழமும் வாங்கிக்கொண்டு ரெயின் மாறி ஹரோ வரைக்கும் வந்தேன். பிளாட்போம் வாங்கில் இருந்து, கதவைத் திறந்ததும் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து, பழம் முழுவதையும் நானே தின்றுவிட்டு அடுத்த ரெயினில் திரும்பினேன். கோபமென்றால் கோபி, பேசாமல் விட்டாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நான் சந்தோசப்பட்டேன் என்று மட்டும் நினைக்காதே. அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்த கை இது, துண்டு எழுதியதும் இதே கைதான், அதுதான் தாங்க முடியவில்லை.

மச்சானுக்கு என் வணக்கம். றொமேஷின் எலும்பு கோணாமல் பொருந்தி, பழைய பலத்தோடு எழும்பிவர மாதாவை இரந்து கேட்கிறேன், இந்த முறை துண்டு எழுதாமல்.

இப்படிக்கு,
உன் மன்னிப்புக்குக் காத்திருக்கும் அண்ணன்,
சவிரிமுத்து.

பி.கு.: மேலே எழுதியதில் பாதி பிழை. உறையில் வைக்குமுன் நிக்சனுக்கு வாசித்துக் காட்டினேன், அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது. பயந்தால் மட்டும் நன்றாகப் பேச வரும். "அப்பா, கோச்சா என்னை வாங்கிலை இருத்தினவர்? இல்லை. என்னை இறக்கவேண்டாம் எண்டு நான்தான் போய்க் கேட்டனான்" என்றான். ஏனடா என்றேன். "றொமேஷ் ரெயினிங்கிலை விழேல்லை. அண்டைக்கு வழமைபோல ரண்டு பேரும் வான்ஸ்டெட் புல்வெளியிலை பந்து எறிஞ்சனாங்கள். நான் பாய்ஞ்சு பிடிக்கேக்கை அவன்ரை தோளிலை விழுந்திட்டன். மட்ச்சுக்கு முதல்நாள் சந்திச்சது தெரிஞ்சால் ரண்டு பேரையும் ரீமிலையிருந்து எடுத்துப்போடுவினம் எண்டுதான் அவன் பொய் சொன்னவன். அவன்ரை கையை முறிச்சுப்போட்டு அவன்ரை ரீமோடை நான் எப்பிடி விளையாடுறது?" அப்படியானால் என்மேல் குற்றமில்லை என்று ஒரு நிமிடம் ஆறுதல்பட்டேன், இம்மா. பிறகுதான் விளங்கியது, நான் கேட்டதைச் செய்ய அந்தோனியார் என் பிள்ளையையே அனுப்பியிருக்கிறார். மூன்று வருடம் காத்திருந்த ஒரே ஆட்டத்தை அவன் வாய் திறக்காமல் விட்டுக்கொடுத்திருக்கிறான், நான் மழையில் நின்று கோச்சைத் திட்டியிருக்கிறேன். இப்போது சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறான், மாமியிடம் தானே சொல்லவேண்டுமாம். ஆகவே இதைத் தபாலில் போடவில்லை, கையில் கொண்டு வருகிறோம். என்னை எவ்வளவும் ஏசு. அவனை ஏசாதே, முதலில் சாப்பாடு போடு, இரண்டு கிழமையாகப் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை.