மூன்றாவது பிளேடு

விமானப் புரொப்பெல்லரின் விளிம்பில் ஒரு தும்பி நசுங்கி ஒட்டியிருந்தது.

சர்வேயர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தும்பிதான். சும்மா நிற்கிற புரொப்பெல்லரில் தும்பி வந்து உட்காரலாம். இப்படி அப்பிக்கொண்டு சாகாது. விபத்தில் நசுங்கிய கார்களைப் பார்த்து, சொந்தக்காரர் சொல்வதில் எவ்வளவு புளுகு என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வது அவர் தொழில். ஒரு தும்பியிடமா ஏமாந்துவிடுவார்?

விமானத்தை அவரேதான் கட்டினார். ஊருக்கு வெளியே ஒரு சின்ன ஓடுதளம், அதன் ஓரத்தில் வாடகை ஷெட்டு. ஆபீஸ் விட்டு வந்த சாயங்காலங்களும் ஞாயிற்றுக்கிழமைகளும் அதற்கே போயின. பறக்கலாம் என்று அதிகாரிகள் சொல்லி வெகுகாலம் ஆகிவிட்டது. பாக்கி ஒன்றுதான். புரொப்பெல்லருக்கு இரண்டு பிளேடா, மூன்று பிளேடா? இரண்டு என்றால் எடை குறைவு, வேகம் கூடுதல். ஆனால் அதிரும். மூன்று என்றால் அதிராது, விருட்டென்று மேலேறும். ஆனால் மூக்கு கனக்கும். இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, வாரத்துக்கொன்றாக மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார். முடிவு செய்துவிட்டால் மறுநாளே மேலே போயாக வேண்டும். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, தன்னிடமும்.

"முதல் தடவை இதைத் தரையை விட்டுத் தூக்குறது நான்தான். வேற எவன் கையும் படக்கூடாது" என்று மட்டும் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

பறக்காத விமானத்துக்கு இங்கே இடமில்லை என்று பக்கத்து ஷெட்டுக்காரரைக் காலி செய்யவைத்த நிர்வாகம், இவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

அன்று சாப்பிடும்போது மனைவி கேட்டாள். "ரெண்டு பிளேடுன்னா உடம்பெல்லாம் உதறுமாமே?"

சர்வேயரின் கை தட்டிலேயே நின்றது. "யார் சொன்னா?"

"தம்பி என்னமோ சொன்னான்."

மனைவியின் தம்பி டயர் கடை வைத்திருப்பவன். அடுத்தவன் வண்டியை ஓட்டிப் பார்க்காமல் அவனுக்குத் தூக்கம் வராது. சர்வேயர் உடனே போன் போட்டார்.

"ஏண்டா, ரெண்டு பிளேடு உதறும்னு உனக்கு எப்படித் தெரியும்?"



"நான் சொன்னேனா மாமா? அக்கா அப்படிச் சொன்னாளா? அப்ப சொல்லியிருப்பேன்."

குற்றவாளி இப்படித்தான் பேசுவான். சர்வேயர் ஷெட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கினார். ஒரு சாவி அவர் இடுப்பில். இன்னொன்றை நம்பிக்கையான இடத்தில் வைக்க வேண்டுமே என்று மனைவியிடம் கொடுத்தார்.

ஏற்கெனவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவந்த டாங்கி பெட்ரோல் அந்த வாரம் முன்னைவிட அதிகமாகக் குறைந்தது.

மிச்சத்தை உறிஞ்சி கேன்களில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனைவி சமையலறை வாசலிலேயே மறித்தாள்.

"அடுப்பு எரியற வீட்டுல பெட்ரோலா? மூளை கீளை கழண்டுபோச்சா?"

"வெளியில வெச்சா திருடுறானே!"

"நான் பார்த்துக்கறேன். நீங்க ஆபீசுக்குக் கிளம்புங்க."

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் டாங்கி விளிம்பு வரை நிறைந்து தளும்பியது. எடுத்துக்கொண்டு போகிற திருடனைப் பார்த்திருக்கிறார். ரொப்பிவிட்டுப் போகிற திருடனை இப்போதுதான் பார்க்கிறார். கலப்படமாக இருக்கும் என்று கொஞ்சம் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். சுத்தமான பெட்ரோல். எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டர் இருந்திருந்தால் கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம். எந்த மீட்டர் வாங்குவது என்பது இன்னும் முடிவாகவில்லை.

பொறி வைக்கத் தீர்மானித்தார். யாரிடமும் மூச்சு விடாமல் இரண்டு பிளேடைக் கழற்றி, மூன்று பிளேடை மாட்டினார்.

அந்த வாரமே மச்சான் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். வாய் நிறையச் சோற்றோடு, "மூணு போட்டப்புறம் நல்லா ஏறுது மாமா" என்றான்.

"எது ஏறுது?"

மச்சானுக்குப் புரையேறியது. மனைவி அவன் தலையில் தட்டினாள். தேவைக்குமேல் அழுத்தமாகவே தட்டினாள்.

"டயர் விலையைச் சொல்றான். நீ வாயை மூடிக்கிட்டுத் தின்னுடா."

சர்வேயர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தம்பியைக் காப்பாற்ற அக்கா பொய் சொல்கிறாள். கட்டின புருஷனுக்கு எதிராக! அவருக்குச் சோறு இறங்கவில்லை. தான் ஏறவேண்டிய ஆகாயத்தில் ஒரு டயர் கடைக்காரன் ஏறியிருக்கிறான்.

மறுநாள் லீவு போட்டார். "எனக்கு நெஞ்செரிச்சல், ஆபீஸ் போகலை. ஷெட்டுல போய்க் கொஞ்சம் காத்தாட உக்காந்துட்டு வரேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு, பீப்பாய்களுக்குப் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு ஒளிந்தார். கொசு பிடுங்கியது. கால் மரத்தது. வெயில் உச்சிக்கு ஏறியும் ஒரு குஞ்சும் வரவில்லை.

நொண்டிக்கொண்டே வெளியே வந்தவரைப் பார்த்து, ஓடுதளத்தில் புல் வெட்டுகிறவர் இயந்திரத்தை நிறுத்தினார். மத்தியானம் வரை மட்டும் வேலை பார்க்கிறவர். சர்வேயரை ஞாயிற்றுக்கிழமைகளில் கிரீஸ் கையோடு தூரத்தில் பார்த்ததோடு சரி.

"என்னண்ணே, இன்னைக்கு வண்டி மேல போகலையா? காலையில ஆனா டான்னு கிளம்பிடுமே."

சர்வேயர் ஷெட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டார். "எத்தனை நாளா?"

"புல்லு ரெண்டு தடவை வளர்ந்து வெட்டியாச்சு."

"ஓட்டுறது ஒரு தடியன்தானே? டயர் கடைக்காரன்?"

"அவரா! பின்சீட்டுல கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு உக்காந்திருப்பாரு. எறங்கினதும் அந்த வேலியோரம் ஓடிப்போய் வாந்தி எடுப்பாரு. பாவம், துணைக்குத்தான் வர்றாரு."

"அப்ப ஓட்டுறது யாரு?"

புல் வெட்டுகிறவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவரோட அக்காதான். மூணு பிளேடே இருக்கட்டும், இனிமே கழட்டாதீங்கன்னு உங்ககிட்ட சொல்லலையா? நீங்கதானே அவங்க மெக்கானிக்கு?"