ஷட்டர் திறந்த ஜன்னல்

அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டரை முகத்துக்கு நேராகத் திட்டக்கூடிய ஒரே மனிதர் ஷட்டர்தான். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. எங்கள் ஆபீஸ் ஷட்டரை ரிப்பேர் செய்ய வந்தவர், ஏ.சி. காற்று பிடித்துப்போய், வேலை முடிந்த பிறகும் தினம் வந்துகொண்டிருந்தார். குடையோ டிபன் பாக்ஸோ, யார் எதைத் திறந்தாலும் மார்க் போடுவார். என் டிபன் பாக்ஸ் ஃபெயில்.

தொண்ணூறுகளின் கடைசி. ஒரு பம்ப் கம்பெனி முதலாளிக்கு ஸ்டாக் பார்க்கும் புரோகிராம் எழுதியிருந்தேன். பட்டனை அழுத்தினால் திரையில் ஒரு ஜன்னல் புள்ளியாகக் கிளம்பி, மெல்ல வளர்ந்து, கடைசியில் வேகம் பிடித்து விரியும். அதில் எனக்கு ஏகக் கர்வம். முதலாளி அழுத்தினார். எதுவும் அசையாதது போலிருக்கவே இன்னும் மூன்று தரம் அழுத்தினார். நான்கு ஜன்னல்கள் வந்தன.

"ரொம்ப ஸ்லோ தம்பி. மத்தியானம் வரேன். சரியாகலன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

மேனேஜர் என்னை விட்டுவிட்டு என் நாற்காலியைப் பார்த்தார். நான் பதறிப்போய் மவுஸைக் கழற்றி, அதன் வயிற்றிலிருந்த உருண்டையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

"இன்னா நைனா, குளிப்பாட்டிகினு கீற?" என்று வந்தார் ஷட்டர். விஷயத்தைக் கேட்டு, ஒரு தரம் அழுத்திப் பார்த்தார்.

"கை வச்சவொடனே நவுரணும். உன்னுது யோசிச்சுகினு கீது. மொதல்ல வேகமா தொற. கடைசில மெதுவா நிறுத்து."

"மொத்த நேரம் அதேதானே அண்ணாத்தே?"

"அதேதான்."

"அப்புறம் எப்படி வேகமாகும்?"

"ஆவாது. ஆன மாரி இருக்கும்."

குழம்பி நின்ற என்னை வாசலுக்கு இழுத்துப்போய் ஷட்டரைத் தள்ளச் சொன்னார். தொட்டதும் விருட்டென்று ஏறி, உச்சியில் அலுங்காமல் நின்றது. அப்போதும் எனக்குப் புரியவில்லை. வேறு வழி தெரியாமல், ஜன்னல் மெதுவாக விரியும் பகுதியை முன்னாலிருந்து கடைசிக்கு மாற்றினேன். ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். பழைய நேரமேதான். வேலை தேடப் பேப்பர் வாங்கி வந்துவிட்டேன்.

மத்தியானம் முதலாளி ஒரே ஒரு தரம் அழுத்தினார்.

"அட, இப்ப பறக்குதே. என்ன பண்ணே?"

"ஷட்டர் ரிப்பேர் சார்."

அந்தக் கணக்கு எனக்கு விளங்கியது ஷட்டர் வருவது நின்ற பிறகுதான். கூப்பிட்டால் மனிதர் எழுந்து வரப் பத்து நிமிடமாகும். ஆனால், "தோ, வந்துகினே கீறேன் நைனா" என்ற குரல் அந்த நொடியே வந்துவிடும். அவருக்காகக் காத்திருந்ததாக எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.