துபாய்க்கும் திண்டிவனத்துக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்

நான் தொரத்துனேனா? மச்சான், துபாய்ல ஏசியில உக்காந்துக்கினு, குடும்ப குரூப்புல 'என் தங்கச்சிய வீட்ட வுட்டு தொரத்திட்டான்'னு வாய்ஸ் மெசேஜ் போடறியே, நடந்தது இன்னான்னு தெரியுமா ஒனக்கு? நான் வக்கீலுக்குப் படிக்கிறவன். ஆதாரத்தோட பேசறேன், கேளு.

உன் தங்கச்சி கலைப்பிரியா டீச்சர் வேலைக்குப் போறா. வீட்ல இருக்கறது ஞாயித்துக்கிழம ஒரு நாளு. அன்னிக்கும் திண்டிவனத்துக்கு அம்மா வீட்டுக்குக் கெளம்பிடறா. கல்யாணமாகி எட்டு மாசம். ஒரு ஞாயிறாவது எங்கூட இரேன்னு கேக்க எனக்கு வாய் வரல. வெக்கம். அதனால கிலோமீட்டர் பேசுனேன்.

மாடல் கொஸ்டின் பேப்பரு பின்னாடி எழுதியே காமிச்சேன். துபாய்லேர்ந்து மெட்ராஸ் மூவாயிரம் கிலோமீட்டரு, பிளைட்ல நாலு மணி நேரம். நம்ம கோலியனூர்லேர்ந்து விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு, அங்க சீட்டு கெடைக்கிற வரைக்கும் நிக்கறது, பைபாஸ்லயே எறக்கி வுட்டுடறான், அப்புறம் ஷேர் ஆட்டோ, உங்கம்மா கதவத் தொறக்க பத்து நிமிசம். மொத்தம் மூணு மணி நேரம். துபாய்க்கும் திண்டிவனத்துக்கும் ஒரு மணி நேரந்தான் வித்தியாசம்னேன்.

உடனே ஒத்துக்கினா மச்சான். அங்கியே நான் பயந்திருக்கணும்.

"ஆமாங்க, ரொம்ப தூரந்தான்" அப்டின்னா. "அவ்ளோ தூரத்துக்கு வாராவாரம் யாரு போவா? எங்கண்ணன் வாராவாரமா வருது?"

"அதான நானும் சொல்றேன்."

"ரெண்டு வருசத்துக்கு ஒருவாட்டி வருது. வந்தா ரெண்டு மாசம் இருந்துட்டுப் போவுது. நானும் அப்டியே போறேங்க. ஸ்கூலும் லீவு வுட்டாச்சு."

பரண்லேர்ந்து, கல்யாணத்துக்கு வந்தப்ப நீ வுட்டுட்டுப் போன பெரிய சூட்கேஸு கீழ எறங்குது. தொங்கவுட்டு எடை பாக்கறா, பிளைட்டு மாதிரி முப்பது கிலோ தாண்டக் கூடாதாம். மிக்ஸிய அட்டப்பொட்டியில போட்டு, நைலான் கயித்தால கட்டி, மேல மார்க்கர்ல எழுதறா: கலைப்பிரியா, கோலியனூர் டு திண்டிவனம்.

வாசல்ல வேன் நிக்குது. முன் சீட்ல யாரு? எங்கம்மா அம்சா. மடியில புளிசாதப் பொட்டலம்.

"நீ எங்கம்மா போற?"

"மருமவ அவ்ளோ தூரம் போவுது. வழியனுப்ப வேணாமாடா?"

அப்பா, சித்தி, எதுத்த வீட்டுக்காரங்க, எல்லாரும் ஏறிட்டாங்க. வேன் போயி நாலு நாளாச்சு. வழியனுப்பப் போன எங்கம்மாவும் திரும்பல. போன் பண்ணா, தூரமாச்சேடாங்கறாங்க.

பரிட்சை அடுத்த வாரம். நான் கஞ்சி குடிச்சிக்கினு படிக்கிறேன். மொளகா அரைக்க மிக்ஸி இல்ல. இதுல நான் தொரத்துனவனா? ரெண்டு மாசத்துல வந்துடறேன்னு சொல்லிட்டுதான் போனா. எங்கண்ணன் மேல சத்தியம்னா.

அதனால மச்சான், இந்த குரூப்புல, எல்லாரும் பாக்க, ஒரே ஒரு கேள்விக்கு பதில் போடு. ரெண்டு மாச லீவுன்னு வந்துட்டு, நீ என்னிக்காவது லீவ நீட்டாம திரும்பிப் போயிருக்கியா?