பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் பாடியவள்

மதிப்பிற்குரிய மச்சான் ஒலாவு அவர்களுக்கு,

கோபகபானாவிலிருந்து உங்கள் தங்கை புருஷன் எவரிஸ்து பணிவோடு எழுதுவது. மலையூர்க் குளிரில் உங்கள் மூட்டுவலி குறைந்திருக்க வேண்டுகிறேன். இங்கே நான் சுகம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்த ஜுரேமாவும் நேற்றிலிருந்து இங்கேயே சுகம். ஆகையால் சனிக்கிழமை என் காலை முறிக்க நீங்கள் வர வேண்டியதில்லை. விருந்தாளியாக வாருங்கள், கறுப்பு அவரையும் பன்றிக்கறியும் அடுப்பில் ஏற்றுகிறோம்.

நடந்தது இதுதான். சாம்பா அணியில் காலமெல்லாம் பெருமுரசு அடித்தவன் நான். அந்த முரசின் பெயருக்கே நம் பாஷையில் செவிடு என்றுதான் அர்த்தம். பெயர் ராசி என் காதில் பலித்துவிட்டது. "உப்பு எடு" என்பதைக்கூட ஜுரேமா தெருவுக்கே கேட்கச் சொன்னால்தான் எனக்கு விழும். இந்த லட்சணத்தில் சந்தையில் ஒரு பழைய போசா நோவா இசைத்தட்டு வாங்கினேன், சாம்பாவையே தாலாட்டு மாதிரி மெல்லப் பாடுகிற வகை. ஓன்டினா என்று யாரோ பாடியது. வீட்டில் போட்டால் சத்தமே இல்லை. பாட்டுப்பெட்டியைத் தட்டினேன், ஊசியை மாற்றினேன், கடைசியில் ஸ்பீக்கரில் காதை ஒட்டினேன். மச்சான், உள்ளே ஒரு பெண் மூச்சு விடுகிறாள்! பாடுகிற பாவனையே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, காப்பி ஆறுவதற்குள் தன் துக்கத்தைச் சொல்லி முடிக்கிறாள். கூட வரும் கிதாரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்கிறது. ஊரையே அதிர வைத்த என்னை ஒருத்தி முணுமுணுத்தே அழ வைத்துவிட்டாள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

சனி தட்டின் இரண்டாம் பக்கத்தில் காத்திருந்தது. பாட்டு தொடங்குமுன் அவள் சிரித்துக்கொண்டே கிதார்க்காரனிடம், "மெல்ல, மெல்ல... பக்கத்து வீட்ல கேக்கப் போவுது" என்று சொன்னதையும் வெட்டாமல் தட்டில் விட்டிருக்கிறார்கள். அடுக்குமாடியில் அக்கம்பக்கத்துக்குப் பயந்து வளர்ந்த பாட்டல்லவா! என் காதுக்காக நான் சத்தத்தை முழுசாகக் கூட்டிவைக்க, அந்தப் பேச்சு படியிறங்கி வாசல் காவல்காரன் ஜெனிவாலிடம் போய்ச் சேர்ந்தது. காய்கறிப் பையோடு வந்த ஜுரேமாவிடம் அவன் சொன்னானாம்: "அம்மா, ஐயாவுக்கு வாலிபம் திரும்பிடுச்சு. நீங்க அந்தண்ட போனா ஒரு பொம்பள குசுகுசுங்கிறா." அவள் மேலே வந்து, ஒரு வார்த்தை கத்தாமல் பெட்டி கட்டினாள். கத்தாததைப் பார்த்தே விஷயம் பெரிது என்று தெரிந்தது. பிறகு நீங்கள் போனில் ஏதோ சொன்னீர்கள். என் காதில் "தொலைச்சுடுவேன்" மட்டும்தான் விழுந்தது. அவள் இல்லாத வீட்டில் பைத்தியம் பிடிக்காமல் இருந்தேன் என்றால் அந்தத் தட்டுதான் காரணம்.

நேற்று மிச்சத் துணியை எடுக்க வந்தாள். சாட்சிக்கு ஜெனிவால். நான் பனியனோடு தரையில் படுத்து ஸ்பீக்கரில் காதை வைத்திருந்தேன். "எங்கய்யா அவ?" என்று அலமாரியைத் திறந்தாள், கட்டிலுக்கடியில் துடைப்பத்தை விட்டு ஆட்டினாள். "பால்கனியப் பாருங்கம்மா, குதிச்சிருப்பா!" என்றான் அந்தப் புண்ணியவான். அப்போது தட்டு சொன்னது: "மெல்ல, மெல்ல... பக்கத்து வீட்ல கேக்கப் போவுது."

ஜுரேமா துடைப்பத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சிரித்தாள், அப்புறம் அழுதாள். "இவ மூச்சு விடறது கேக்குது. இத்தன வருஷமா நான் கத்தறது கேக்கலையா?"

"நீ கத்தறதாலதான்டி கேக்கல."

மூன்று பேரும் உட்கார்ந்து முழுப் பக்கமும் கேட்டோம். முடிந்ததும் என் காதருகில் குனிந்து, "அவரைய ஊற வைக்கணும்" என்றாள், மெதுவாக. ஒரு எழுத்து விடாமல் கேட்டது மச்சான். எனக்குப் போன உயிர் திரும்பியது.

மலைமேல் கைவிரித்து நிற்கும் மீட்பர் உங்களையும் உங்கள் முழங்காலையும் காக்கட்டும்.

என்றும் பணிவுள்ள,
எவரிஸ்து

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது யாரோ கதவைத் தட்டினார்கள். ஏழாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த நரைத்த தலை அம்மாள். "என் பாட்டப் போடறது நீங்கதானா?" என்றாள், அதே குரலில். ஓன்டினாவேதான்! சந்தோஷத்தில், "உள்ள வாங்க!" என்று கட்டடமே அதிரக் கத்திவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, "மெல்ல, மெல்ல... பக்கத்து வீட்ல கேக்கப் போவுது" என்றாள். இப்போது சோபாவில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறாள். ஜுரேமா கறி வாங்கப் போயிருக்கிறாள். கீழே, நான் கத்தியதைக் கேட்ட ஜெனிவால் இருக்கிறான். லிஃப்ட் திறக்கும் சத்தம் எனக்கே கேட்கிறது. மச்சான், சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.