ஊதாச் சீலை

விற்கிற சரக்கு வாங்க வருகிறவன் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே கடை வைத்த ஒரே மனிதர், உலகத்திலேயே எங்கள் சீலை அண்ணைதான்.

ஒஸ்லோவில் ரயில் போய் முடிகிற வெஸ்ட்லியில் பெட்டிக்கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்துக்காரர் அவர். "சீலை அண்ணையிட்டைப் போங்கோ, எல்லாம் இருக்கும்" என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு, புடவைக் கடை என்று நம்பி ஆசையாகக் கிளம்பிய என் மனைவி, பாலும் உருளைக்கிழங்குமாகத் திரும்பினாள். யாழ்ப்பாணத்தில் வெறும் துணிக்கும் சீலை என்று பெயர் உண்டென்று மதுரைக்காரிக்கு எப்படித் தெரியும்?

அந்தச் சீலை கல்லாவுக்குப் பின்னால் தொங்கியது. இந்த நாட்டில் சிகரெட்டைக் கடையில் பார்வைக்கு வைக்கக் கூடாது. மற்றவர்கள் அலமாரிக்குக் கதவு போட்டதோடு விட்டார்கள். அண்ணை கத்தோலிக்கர். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் கோயிலில் சாமி சுரூபங்களை மூடுவதுபோல, கதவுக்கு மேல் ஊதாச் சீலை ஒன்றையும் போட்டுவிட்டார். உள்ளே ஏதோ சாமி இருக்கிறதென்று முதல் நாள் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"கும்பிடாதையும் தம்பி. உள்ளுக்குச் சிகரெட்."

"துணியை எப்ப அண்ணே எடுப்பீங்க?"

"கோயிலிலை உயிர்த்த ஞாயிறுக்கு எடுப்பினம். இஞ்சை எடுத்தால் தண்டம்."

விளம்பரத்துக்கு வழியில்லாத ஒரு கம்பெனி, அண்ணையையே விளம்பரமாக்கப் பார்த்தது. கேக்கோடு ஓர் ஆள் வந்தார். விலைப்பட்டியலை அகரவரிசையில் எழுதச் சொன்னார். 'பி'யில் தொடங்கும் அவர்கள் பெயர் தானாக மேலே வந்துவிடும் என்று கணக்கு. அடுத்த மாதம் வந்து பார்த்தால், அது 'எஸ்', 'டி' எல்லாவற்றுக்கும் கீழே கிடந்தது. அண்ணை ச, ட, த, ப என்று தமிழ் வரிசையில் எழுதியிருந்தார்!

அப்போது என் மனைவிக்கு ஏழாம் மாதம். குழந்தை பிறப்பதற்குள் சிகரெட்டை விடுவதாகச் சத்தியம் செய்திருந்தேன். ஏற்கெனவே இரண்டு சத்தியத்தை மீறியவன் நான். இதையும் மீறினால் இனி எதிலும் அவள் என்னை நம்பமாட்டாள். இதையெல்லாம் அண்ணையிடம் சொல்லிப் புலம்பிவிட்டு, "இன்னைக்கு மட்டும் ஒரு பாக்கெட்" என்றேன்.

அவர் சீலைக்குள் தலையை விட்டு வெகுநேரம் தேடினார். "உம்மட பெட்டி முடிஞ்சுது தம்பி."

மறுநாளும் முடிந்திருந்தது. மறுவாரமும். மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். இந்த நாட்டுச் சட்டப்படி எல்லா சிகரெட் பெட்டியும் ஒரே பாசி நிறம் என்பதால் யாருக்கு எது போகிறதென்று எனக்குத் தெரியவில்லை. "வேற ஏதாவது குடுங்க" என்றால், "அது உமக்குச் சரிவராது" என்று ஒரு வாழைப்பழத்தை நீட்டுவார். வேறு கடை தேடிப் பனியில் அடுத்த ஸ்டேஷன் வரை நடக்க எனக்கென்ன பைத்தியமா? சிகரெட் கம்பெனியைத் திட்டிக்கொண்டே இரண்டு மாதம் வாழைப்பழம் தின்றேன்.

மகள் பிறந்ததும் இனிப்போடு போனேன். அண்ணை உள்ளறையில் இருந்தார். சும்மா இருக்காமல் சீலையை விலக்கிக் கதவைத் திறந்தேன். மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை என் பிராண்ட்.

"முடிஞ்சுதுன்னு சொன்னீங்களே அண்ணே!"

அவர் ஓடிவந்து சீலையை இழுத்து மூடினார். "இருக்கிறதைக் காட்டக் கூடாது எண்டுதானே சட்டம்? உமக்குக் கொஞ்சம் கூடுதலா மறைச்சுப் போட்டன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரம் மகளைத் தூக்கிக்கொண்டு போய், அண்ணையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "கும்பிடாதையும் தம்பி" என்றார். நான் கேட்கவில்லை.