தொடங்கி வைக்கப்பட்ட கடைசி உதை

விளையாட்டு என்பது சிறப்பு விருந்தினருக்காக ஏற்பட்டது. விளையாடுகிறவர்கள் பிற்பாடு சேர்க்கப்பட்டவர்கள். இந்தப் பேருண்மையை உலகுக்கு நிரூபித்த பெருமை எங்கள் மோகனூர் மகளிர் ஆஸ்திரேலியக் கால்பந்துக் கழகத்தையே சாரும். கழகச் செயலாளர் என்ற முறையில் இந்தப் பருவத்தின் சாதனைகளை வரலாற்றிடம் ஒப்படைக்க வேண்டியது என் கடமை.

எங்கள் தலைவர் தமிழரசு அண்ணன் கோழிப்பண்ணை அதிபர். மெல்போர்னில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்கப் போன இடத்தில் இந்த ஆட்டத்தைப் பார்த்தார். நீள்வட்ட மைதானம், இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் ஆறு புள்ளி. கொஞ்சம் தப்பி ஓரக் கம்பத்துப் பக்கமாகப் போனாலும் ஒரு புள்ளி உண்டு. தவறாக உதைத்தவரைக்கூட வெறுங்கையோடு அனுப்பாத அந்தப் பண்பாட்டை நினைத்து அண்ணன் விமானத்திலேயே கண் கலங்கினாராம்.

வந்த வாரமே கழகம் உதயமானது. மக்காச்சோளம் அறுத்த காடு மைதானமானது. போர்வெல் குழாய்கள் கம்பங்களாக நின்றன. பந்து மட்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அது முட்டை வடிவத்தில் இருந்ததால் நாமக்கல் மாவட்டம் அதை மறுபேச்சின்றித் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது.

பிறகு மேடைக் குழு, பொன்னாடைக் குழு, வரவேற்புக் குழு, வரவேற்புக் குழுவை வரவேற்கும் குழு எல்லாம் அமைத்தோம். விளையாட்டுக் குழு என்று ஒன்று அமைக்க மறந்துவிட்டது. அந்தச் சில்லறை வேலையைக் கலைமணி பார்த்துக்கொண்டாள். அண்ணனின் பண்ணையில் முட்டை தரம் பிரிக்கிற பெண் அவள். வேலை முடிந்ததும் மற்ற பெண்களைக் கூட்டிவந்து பந்தை உதைக்கவும் பிடிக்கவும் பழக்கினாள். நாங்கள் அந்த நேரத்தில் ஃப்ளெக்ஸில் யார் படம் பெரிதாக இருக்க வேண்டும் என்று விவாதித்துக்கொண்டிருந்தோம்.

மோகனூர், ஆட்டையாம்பட்டி, ஜலகண்டாபுரம் ஆகிய மூன்று அணிகள் மோதும் 'மாபெரும்' தொடர் அது. முதலிடம் பெறும் அணி டெல்லிக்கு, அகில இந்தியப் போட்டிக்குப் போகும். ஆட்டையாம்பட்டியோடு நடந்த ஆட்டத்தில் வரவேற்புரை முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மிச்சமிருந்த வெளிச்சத்தில் கலைமணி அடித்த அடியில் ஜெயித்தோம். நன்றியுரையில் 'ஒளி அமைப்பாளர்' என்று சூரியனுக்கும் நன்றி சொன்னோம்.

ஜலகண்டாபுரத்தோடு இறுதி ஆட்டம். அதற்கு முந்தின நாள் கலைமணி என்னிடம் வந்தாள். அவள் அப்பா கந்தன் போர்வெல் போடும் ரிக் லாரிக்கு டிரைவர். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்துவிட்டு, ஒரே ஒரு சலுகை கொடுத்திருந்தார்.

"ஜெயிச்சு டெல்லிக்குப் போனீன்னா காலேஜு சேத்தி உடறன், தோத்துட்டீன்னா ஆவணில கண்ணாலம்னு அப்பா சொல்லீருச்சுங்ணா. நாளைக்கு மட்டும் எங்கள முழுசா ஆட உடுங்ணா."

கழகம் என்றும் வீராங்கனைகள் பக்கம் என்று நான் உறுதி கூறினேன். அப்படிச் சொல்லும்போது கையில் விருந்தினரின் பூமாலைக்கான ஆர்டர் இருந்தது.

இறுதி ஆட்டத்துக்குச் சிறப்பு விருந்தினர் 'சேவைச் செம்மல்' ஜெயபிரகாஷ். ரிக் வண்டிகளின் அதிபர், கந்தனுக்கு முதலாளி. அவர் முதல் பந்தை உதைத்துத் தொடங்கி வைப்பதாக ஏற்பாடு. பெரிய மனிதருக்கே உரிய முறைப்படி அவர் நேரத்துக்கு வரவில்லை. நடுவர் பிரவீனா ஆத்தூர்ப் பக்கத்து ஆசிரியை, பண்பாடு அறியாதவர். காத்திருக்க முடியாது என்று விசிலை ஊதிவிட்டார். தொடங்கி வைக்கப்படாமலேயே ஓர் ஆட்டம் நடந்த அவமானத்தை இந்தக் கண்களால் பார்த்தேன்.

அந்த அவமானம் கடைசி நிமிடம் வரை நன்றாகவே போனது. நாங்கள் ஐந்து புள்ளி பின்தங்கியிருந்தோம். அப்போது உயரத்தில் வந்த பந்தைக் கலைமணி இரண்டு பேர் தலைக்கு மேல் எம்பிப் பிடித்தாள். உடனே ஆட்டம் முடியும் சங்கு ஊதியது. ஆனால் இந்த ஆட்டத்தில் ஓர் அழகான விதி உண்டு. பந்தைக் கீழே விடாமல் பிடித்தவருக்கு, சங்கு ஊதிய பிறகும் ஓர் உதை பாக்கி. குறுக்கே யாரும் வரக் கூடாது. கம்பங்கள் அவளுக்கு நேர் எதிரே, கூப்பிடு தூரத்தில். உதைத்தால் ஆறு, ஆறு என்றால் டெல்லி. கந்தன்கூட எழுந்து நின்றுவிட்டார்.

அந்தப் புனித நேரத்தில்தான் வெள்ளைக் கார்கள் மைதானத்துக்குள்ளேயே வந்து நின்றன. பட்டாசு வெடித்தது, தப்பு முழங்கியது. பொன்னாடைக் குழு பாய்ந்தது. தமிழரசு அண்ணன் விருந்தினரைக் கைத்தாங்கலாக நடத்தி வந்து கலைமணி முன் நிறுத்தினார்.

"கண்ணு, பந்தக் குடு சாமி. அண்ணன் ஒரு ஒத உட்டுத் தொடங்கி வெச்சரட்டும்."

"ஆட்டமே முடிஞ்சுபோச்சு. இப்ப எதைத் தொடங்கி வைக்கப் போறீங்க?" என்றார் நடுவர். இருப்பது ஒரே உதை, அவள் தவிர வேறு யார் உதைத்தாலும் செல்லாது, அத்தோடு ஆட்டம் முடிந்தது என்றும் எச்சரித்தார். தொடங்கி வைக்காமல் முடிந்தால் அபசகுனம் என்று அண்ணன் அறிவியல்பூர்வமாக விளக்கினார்.

கலைமணி பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். முதலாளியைக் கண்டதும் கந்தன் தோளிலிருந்த துண்டை இடுப்புக்கு இறக்கியிருந்தார். முந்தின நாள் கொடுத்த உறுதி எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் செயலாளரின் கடமைகளில் உறுதியைக் காப்பாற்றுவது இல்லை. ஆகவே நானே பந்தை வாங்கி விருந்தினரிடம் கொடுத்தேன்.

அவர் உதைத்தார். பந்து அங்கேயே உருண்டு படுத்தது. அவருடைய செருப்பு மட்டும் வானில் எழும்பி, நடுக் கம்பங்களுக்குச் சரி நடுவே போய் விழுந்தது. கைதட்டல் அடங்கவே இல்லை. செருப்புக்கு ஆறு புள்ளி தர வேண்டும் என்று அண்ணன் வாதாடினார். பிரவீனா ஜலகண்டாபுரத்தின் கையைத் தூக்கிவிட்டார்.

மறுநாள் செயற்குழு கூடியது. முதல் முயற்சியிலேயே குறி தவறாத விருந்தினரின் காலுக்குப் பாராட்டு நிறைவேறியது. பந்தை உடனே தராமல் தாமதித்த கலைமணியின் 'ஒழுங்கீனமே' தோல்விக்குக் காரணம் என்று ஏகமனதாக முடிவானது. நானும் கை தூக்கினேன்.

ஆவணியில் கலைமணிக்குக் கல்யாணம். தமிழரசு அண்ணன் தலைமை. சேவைச் செம்மல் தாலி எடுத்துக் கொடுத்து மணமக்களை வாழ்த்த இசைந்திருக்கிறார். இந்த நற்செய்தியைச் சொல்லக் கழகத்தின் சார்பில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் கோபப்படவில்லை, காபிகூடக் கொடுத்தாள். டம்ளரைத் திருப்பி வாங்கும்போது ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்.

"ஏனுங்ணா, அன்னைக்கு அவுரு தாலிய எடுத்துக் குடுக்க மட்டுந்தான் செய்வாருங்களா, இல்ல தொடங்கி வெக்கறன்னு அவுரே கட்டீருவாருங்களா?"

தலைவரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.